சைக்கிளுக்கு ஏது வே கேஸு?

வாரும் மாப்பிள்ளே, இப்படிக் கயித்துக் கட்டில்ல உக்காரும். உம்ம புது வாகனத்தைப் பாத்தேன், வேப்பமரத்துல சாச்சு வச்சிருக்கீரு. எம் மவ எல்லாத்தையும் சொன்னா. போன மாசம் நாலுவழிச் சாலையில மிஷினை நீட்டி ஊதச் சொன்னது, கோர்ட்ல 10,000 ரூவா கட்டுனது, லைசென்சு இன்னும் கைக்கு வராமக் கெடக்கது, எல்லாம். அதுக்குப் பொறவு நீரு மோட்டுவளையைப் பாத்துக்கிட்டே யோசிச்சீராம். யோசிச்சு முடிச்சதும் தொழுவத்துல கெடந்த உங்க ஐயாவோட ராலே சைக்கிளை இழுத்துப் போட்டு, புது டியூப் மாட்டி, செயினுக்கு எண்ணெய் விட்டு, சாயங்காலம் அதுல ஏறிக் கடைக்குப் போனீராம். "சைக்கிளுக்கு ஏது கேஸு?"ன்னு அவகிட்டயே கேட்டீராமே! சபாஷ் வே. இந்த மூளையை நம்பித்தான் நான் பொண்ணு கொடுத்தேன்.

நான் வக்கீலய்யாகிட்ட குமாஸ்தாவா இருந்து கேஸ் கட்டு தூக்கியே தோள் சரிஞ்சவன். அதனால சொல்லுதேன், நீரு சொன்னது சட்டப்படி சரி. 1988-ஆம் வருசத்து மோட்டார் வாகனச் சட்டம், 185-ஆம் பிரிவு. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா மொதத் தடவைக்கு 6 மாசம் வரை ஜெயிலு, இல்லைன்னா 10,000 ரூவா அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். மறுபடியும் மாட்டுனா 2 வருசம் வரைக்கும், இல்ல 15,000. ஆனா அது முழுக்க மோட்டார் வண்டிக்கு உள்ளது. ஊதச் சொல்ல அதிகாரம் கொடுக்க 203-ஆம் பிரிவும் மோட்டார் வண்டிக்காரனைத்தான் சொல்லுது. மிதிக்க சைக்கிளு அதுல சேராது. அதனால எஸ்.ஐ. மிஷினை நீட்டினா, "ஐயா, இந்த வண்டிக்கு அந்தப் பிரிவு பொருந்தாது"ன்னு நீரு நெஞ்சை நிமித்திச் சொல்லலாம். சொல்லும்போது நாக்கு உருளப்படாது, ஹாண்டில்பாரைப் பிடிக்காம நிக்கணும். அவ்வளவுதான்.

எங்க காலத்துல சைக்கிள்காரனுக்கு இந்த மரியாதை ஏது? முனிசிபாலிட்டிக்காரன் கொடுத்த தகர வில்லை வண்டியில தொங்கணும். ராத்திரி லைட் இல்லாமப் போனா பிடிப்பான். டபுள்ஸ் வச்சா பிடிப்பான். கேஸ் எழுதச் சோம்பலா இருந்தா வால்வு டியூபைப் பிடுங்கிக் காத்தை இறக்கி விட்டுட்டு, "போலே"ன்னு அனுப்பிருவான். டைனமோ கெட்டுப்போனவன் ஒத்தைக் கையில மண்ணெண்ணெய் விளக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் கையால ஓட்டுவான். குடிச்சவனுக்கு அந்தக் காத்துப் பிடுங்குததுல ஒரு நன்மை உண்டு. தட்டிப்போன டயரோட தள்ளிக்கிட்டு ஊரு வந்து சேருததுக்குள்ள போதை தானா இறங்கிரும். அந்த மாதிரிப் போலீஸ்காரனை இப்பத் தேடினாலும் கிடைக்க மாட்டேங்கான். உம்ம துரதிர்ஷ்டம்.

இதுல ஒரே ஒரு சின்னச் சிக்கல் கெடக்கு மாப்பிள்ளே. நீரு படிச்சது ஒரு புஸ்தகம். கோர்ட்டு அலமாரியில வேற புஸ்தகமும் இருக்குலா.

2024 ஜூலை 1-லேருந்து பழைய பீனல் கோடு போயி பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கு. அதுல 281-ஐப் பாரும். பொது வழியில மனுச உசிருக்கு ஆபத்து வாராப்ல எந்த வண்டியை ஓட்டினாலும், எதுமேல சவாரி போனாலும், 6 மாசம் வரை ஜெயிலு, இல்ல 1,000 ரூவா வரை அபராதம், இல்ல ரெண்டும். மோட்டாருங்க பேச்சே அதுல கிடையாது. மாட்டு வண்டி வரும், குதிரை வரும், உங்க ஐயா ராலேயும் ஜம்முன்னு வரும். முந்தாநாளு மண்ரோட்டுல உம்ம சைக்கிள் தடத்தைப் பாத்தேன். மூணாங்கிளாஸ் பிள்ளை ஸ்கேல் இல்லாமப் போட்ட கோடு கணக்கா இருந்துச்சு. எழுதுத ஏட்டுக்கு அந்தத் தடமே சாட்சி.

பொறவு 285. வழியில தடங்கல் பண்ணினா, நம்ம வசமுள்ள பொருளைக் கவனிக்காம விட்டு அது தடங்கல் ஆனாக்கூட, 5,000 ரூவா வரை அபராதம். ஆக நீரு விழுந்தா மொதல்ல எந்திரிச்சுச் சைக்கிளை ஓரமா இழுத்துப் போட்டுரணும். பல்லைப் பொறவு தேடிக்கிடலாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 355. குடிபோதையில பொது இடத்துக்கு வந்து அடுத்தவனுக்கு எரிச்சல் உண்டாக்குதவனுக்கு உள்ளது. இதுக்குப் பழைய சட்டத்துல, மெக்காலே தொரை வரைஞ்சு 1860-ல நிறைவேறுனதுல, 510-ஆம் பிரிவுன்னு பேரு. தண்டனை என்ன தெரியுமா? 24 மணி நேரம் வரை ஜெயிலு, இல்ல 10 ரூவா வரை அபராதம். வெள்ளைக்காரன் போனான், அணா போச்சு, நயாபைசா வந்துச்சு, அதுவும் போச்சு. அந்த 10 ரூவாயை மட்டும் ஒருத்தனும் தொடலை. கடைசிக் காலத்துல அபராதத்தைவிட அதைக் கட்டப் போக பஸ் டிக்கெட் சாஸ்தி. இப்ப அதை 1,000 ஆக்கிட்டாங்க. விலைவாசி எல்லாம் ஏறியிருக்கு, இது மட்டும் ஏறப்படாதா?

அதோட புதுசா இன்னொண்ணும் சேத்திருக்கான், சமூக சேவை. ஜெயிலுக்குப் பதிலா ஊருக்கு உபயோகமான ஒரு வேலையைச் செய்யச் சொல்லுவாங்க, அதுக்குக் கூலி கிடையாது. எனக்கு ஒரு ஆசை வே, சொன்னா கோவிக்கப்படாது. நடுவரய்யா உம்மளை நம்மூர் அரசுப் பள்ளிக்கூடத்து வாசலைப் பெருக்கச் சொல்லித் தீர்ப்பு எழுதணும். காலைல ஒன்பது மணிக்கு, பிள்ளையள் உள்ள போற நேரத்துல. எம் பேரனும் பேத்தியும் அங்கதானே படிக்காக. "தாத்தா, எங்க அப்பாவுக்குக் கவர்மெண்டு வேலை கிடைச்சிருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே ஓடி வருவாக.

"போதையில தெரியாமப் பண்ணிட்டேன் ஐயா"ன்னு கோர்ட்ல கெஞ்சலாம்னு நினைக்காதயும். அதுக்கும் பிரிவு உண்டு. உமக்குத் தெரியாமலோ, வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல வாயைப் பிளந்தோ ஒருத்தன் ஊத்தியிருந்தாத்தான் அந்தச் சாக்கு எடுபடும். நீரு பத்து நிமிசம் வரிசையில நின்னு, சில்லறை இல்லைன்னு சண்டை போட்டு வாங்கிக் குடிக்கீரு. உம்ம வாயை எவன் பிளந்தான்?

இதுக்கெல்லாம் தலைமேல இருக்கது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம். 1937-ல ராஜாஜி சேலத்துல ஆரம்பிச்சு வச்சாருலா, அதேதான். இன்னும் உசிரோட இருக்கு. அதுல 4-ஏன்னு ஒரு பிரிவு, பொது இடத்துல போதையில காணப்பட்டாலே குத்தம். நடந்து வந்தாலும், சைக்கிள்ல வந்தாலும், உருண்டு வந்தாலும் ஒண்ணுதான். சட்டத்துக்குப் பேரு மதுவிலக்கு. 2003-லேருந்து சில்லறைக் கடையையும் அரசாங்கமே நடத்துது, மத்தியானம் 12 மணிக்குக் கதவைத் திறந்து ராத்திரி 10 மணிக்குச் சாத்துது. வாங்குதது குத்தமில்ல. பாருக்குள்ள உக்காந்து குடிக்கதும் குத்தமில்ல. கிறக்கத்தோட வெளிய வந்து நின்னா குத்தம். கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல இந்த ரோட்டைப் போட்டவன் எவன்னுதான் எனக்குத் தெரியல, அவன் மேலதான் மொதக் கேஸு போடணும்.

லைசென்சு திரும்பி வரும்னு காத்துக்கிட்டு இருக்கீரே, அதையும் சொல்லிருதேன். மோட்டார் சட்டத்துல 19-ஆம் பிரிவைப் புரட்டினா, லைசென்சைப் பறிக்கதுக்கு உள்ள காரணத்துல மொத வரிசையிலயே, வழக்கமாக் குற்றம் செய்யுதவன், வழக்கமாக் குடிக்கவன்னு ரெண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்துல உக்கார வச்சிருக்கான். குடிச்சது பைக்குலயா சைக்கிள்லயான்னு அங்க கேள்வி இல்ல. தெனமும் சாயங்காலம் ஒரே நேரத்துல, ஒரே சைக்கிள்ல, மணியடிச்சுக்கிட்டுக் கடைக்குப் போறவனை வழக்கமாக் குடிக்கவன் இல்லைன்னு நானே சத்தியம் பண்ண மாட்டேன்.

பேட்டரி சைக்கிள் வாங்கிரலாம்னு வேற சொன்னீராம். வாங்கும். 250 வாட்டுக்குக் கீழ, 25 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழ, எடையும் கொஞ்சம்னா, அது மோட்டார் வண்டிக் கணக்குல வராது. கடைக்காரன் உம்ம மொகத்தைப் பாத்துட்டு, "அண்ணாச்சி, இந்த ஒயரை மட்டும் கழட்டிவிட்டா நாப்பதுல போகும்"னு காதுல சொல்லுவான். அந்த ஒயர் கழண்டா பழையபடி 185. போன மாசத்து ரசீதைப் பத்திரமா வச்சுக்கிடும், ரெண்டாந் தடவைன்னு காட்ட அவங்களுக்கு உதவும்.

வெளிநாட்டுக்காரன் இதைவிட மோசம் பாத்துக்கிடும். நம்ம வக்கீலய்யா பேரன் ஜப்பான்ல வேலை பாக்கான், தீவாளிக்கு வந்தப்பச் சொன்னான். அங்க 2024 நவம்பர் 1-லேருந்து சைக்கிள்காரனுக்கும் ஊதுத மிஷினு உண்டு. ஒரு லிட்டர் மூச்சுக் காத்துல 0.15 மில்லிகிராம் இருந்தாப் போதும், 3 வருசம் வரை ஜெயிலு, இல்ல 5 லட்சம் யென் வரை அபராதம். அதோட விடலை. குடிச்சுட்டு இவன் சைக்கிள்ல போவான்னு தெரிஞ்சே சைக்கிளைக் கொடுத்தவனுக்கும் அதே தண்டனை. உங்க ஐயா வெரசாப் போய்ச் சேந்ததால தப்பிச்சாரு. தெரிஞ்சே ஊத்திக் கொடுத்தவனுக்கு 2 வருசம் வரை, இல்ல 3 லட்சம் யென் வரை. இந்தக் கடைசிச் சட்டத்தை இங்க கொண்டு வந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாரும். உமக்கு ஊத்திக் கொடுத்தவன் யாரு? ரசீதுல அரசாங்கத்து முத்திரைலா இருக்கு! கூண்டுல ஏற எத்தனை பேரு வரணும், கூண்டு தாங்குமா?

ஜெர்மனியில சைக்கிள்காரன் ரத்தத்துல ஆல்கஹாலுக்கு 1.6 புரோமில்லுனு ஒரு அளவு. நம்மூர்ல பைக்குக்கு உள்ளதைவிட ஏறக்குறைய அஞ்சு மடங்கு. தாராளமா இருக்கேன்னு நாக்கைத் தொங்கப் போடாதயும். வண்டி தள்ளாடினா 0.3-லயே பிடிக்கலாம். 1.6-ஐத் தாண்டினவனை மனநிலைப் பரிசோதனைக்கு வேற அனுப்புதான். அந்த ஊர் சனமே அதுக்கு முட்டாள் பரீட்சைன்னு பேரு வச்சிருக்கு. நம்மூர்ல அந்தக் கோட்டிப் பரீட்சையை வைக்காம இருக்கதே உமக்கு நல்லது. பாஸ் ஆக மாட்டீரு.

"அப்ப ஓட்டலை மாமா, உருட்டிக்கிட்டு வாரேன்"னு சொல்ல வாயெடுக்கீரு, தெரியுது. இங்கிலாந்துல 1872-ல போட்ட ஒரு சட்டம் இருக்கு. குடிபோதையில வண்டி, குதிரை, மாடு, நீராவி எஞ்சின், இதுல எது நம்ம பொறுப்புல ரோட்டுல இருந்தாலும் குத்தம். 1950-ல டெவன் பக்கம் இல்ஃபிராகோம்னு ஒரு ஊர்ல ஒருத்தன் மத்தியான நேரத்துல குடிச்சுட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுத்தான் போனான், ஏறவே இல்ல. ஒரு மாசம் உள்ள போட்டுட்டாங்க. அப்பீல் போயிப் பாத்தான், தலைமை நீதிபதி அமர்வு சைக்கிளும் வண்டிதான்னு சொல்லிருச்சு. நல்லவேளை, அந்தச் சட்டம் நம்ம மாடு மேய்க்கவனுக்கு எட்டல.

போலீசு, ஜெயிலு, யென் எல்லாத்தையும் தள்ளி வையும். கேஸ் கட்டுத் தூக்குனவனுக்குப் பயம் அங்க இல்ல. எனக்குப் பயம் ஆஸ்பத்திரியில ஒரு பேப்பர் மேல. ஏ.ஆர். காப்பின்னு சொல்லுவோம், விபத்துப் பதிவேட்டுல உள்ளதைப் பாத்து எழுதிக் கொடுக்க நகல். ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு லாரி உம்மளைத் தட்டிவிட்டுட்டுப் போகுதுன்னு வையும். தப்பு முழுக்க லாரிக்காரன் மேல. தூக்கிக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். தூக்கம் கெட்ட டூட்டி டாக்டர் உம்ம மொகத்துக்கிட்டக் குனிவாரு, மூக்கைச் சுளிப்பாரு. காயத்தையெல்லாம் வரிசையா எழுதிட்டு அடியில "ஆல்கஹால் வாடை"ன்னு போட்டுப் பக்கத்துல ஒரு கூட்டல் குறி போடுவாரு. அவரு சோலி முடிஞ்சுது.

நீரு பொழைக்கலைன்னு வையும். இப்ப எம் மவ எம்.சி.ஓ.பி.ன்னு நஷ்டஈட்டு மனு போடணும், லாரி இன்சூரன்ஸ் கம்பெனி மேல. எழுதப் போறவன் நான்தான். உமக்கு 38 வயசு. வெல்டிங் பட்டறையில மாசம் 15,000-ன்னு வருமானம் காட்டுவோம். 2017-ல சுப்ரீம் கோர்ட் சொன்னபடி, 40 வயசுக்குக் கீழ சொந்தத் தொழில் பாக்கவனுக்கு வருங்கால வருமானம்னு நூத்துக்கு 40 கூட்டுவாங்க. 21,000 ஆச்சு. வருசத்துக்கு 2,52,000. உம்மளை நம்பி எம் மவ, ரெண்டு பிள்ளையள், உம்ம அம்மா, ஆக நாலு பேரு. அதனால உம்ம சொந்தச் செலவுக்குன்னு கால் பங்கைக் கழிப்பாங்க. நீரு கடையில கழிச்சது அதைவிடக் கூடன்னு நாம வாயைத் திறக்கப்படாது. மிச்சம் 1,89,000. 2009-ல அதே கோர்ட் வயசுக்குத் தக்கன ஒரு பட்டியல் போட்டுச்சு, 36-லேருந்து 40 வரைக்கும் 15-ஆல பெருக்கணும். பெருக்கினா 28,35,000 ரூவா. உசிரோட இருக்கும்போது இந்த மதிப்பு உமக்கு உண்டுன்னு எவனாவது சொல்லியிருக்கானா வே?

சந்தோசப்படாதயும், இனிமேத்தான் கம்பெனி வக்கீல் எந்திரிப்பாரு. கையில ஏ.ஆர். காப்பி. சாட்சிக் கூண்டுல பி.டபிள்யூ. ஒண்ணா, அதாவது நம்ம தரப்பு மொத சாட்சியா, எம் மவ நிப்பா. "உங்க வீட்டுக்காரர் அந்த நேரத்துல எங்கேருந்து வந்தாரும்மா?"ன்னு ரொம்பத் தன்மையாக் கேப்பாரு. "தினமும் போறதுண்டா?" "சைக்கிள்ல லைட் இருந்துச்சா?" எம் மவளுக்குப் பொய் சொல்ல வராது, அவ அம்மா வளர்ப்பு அப்படி. நம்ம வக்கீலய்யா குதிப்பாரு, "வாடை மட்டும் போதாது, ரத்தப் பரிசோதனை எங்கே?"ன்னு. ஒரு கேஸ்ல அது எடுபடும், இன்னொரு கேஸ்ல எடுபடாது. எடுபடலைன்னா கான்ட்ரிபியூட்டரின்னு ஒரு வார்த்தை. உம்ம பக்கமும் தப்பு இருக்குன்னு கால் பங்கோ பாதியோ வெட்டுவாங்க. பாதின்னா 14,17,500 காலி. டாக்டர் போட்டது கூட்டல் குறி, கோர்ட்ல ஆனது கழித்தல். நீரு தனியா விபத்துப் பாலிசி ஏதும் போட்டிருந்தா அதையும் எடுத்துப் படிச்சுப் பாரும், போதையில நடந்ததுக்குக் கிடையாதுன்னு பொடி எழுத்துல எங்கயாவது ஒளிஞ்சிருக்கும்.

இது லாரி உம்மளை இடிச்சா. நீரு போயி ஒரு கிழவியை இடிச்சா? பைக்குக்கு மூணாம் நபர் இன்சூரன்ஸாவது இருக்கும். ராலேக்கு எவன் இன்சூரன்ஸ் போட்டான்? கிழவியோட மவன் சிவில் கோர்ட்ல பிராது கொடுத்து டிகிரி வாங்கினா, ஆமீன் நேரா உம்ம பட்டறைக்கு வந்து வெல்டிங் மிஷினு மேல கையை வைப்பான். அந்தக் கிழவி தவறிப்போச்சுன்னா சன்ஹிதாவுல 106, 5 வருசம் வரைக்கும். இடிச்சதுக்கு எஞ்சின் உண்டா இல்லையான்னு அங்க எவனும் குனிஞ்சு பாக்க மாட்டான்.

சரி, மொகத்தை அப்படி வைக்காதயும். நான் என்ன குடிக்காதயும்னா சொன்னேன்? அதைச் சொல்ல வீட்டுல ஆளு இருக்கு. நான் சொல்லுதது போக்குவரத்து விசயம் மட்டுந்தான். போகும்போது சைக்கிள்ல போரும், உடம்புக்கு நல்லது. கடைக்கு எதுத்தாப்ல பஞ்சர் கடை இருக்குலா, அங்க பூட்டி வச்சுட்டு உள்ள போரும். முடிஞ்சதும் எனக்கு ஒரு போன். டி.வி.எஸ்.சை எடுத்துக்கிட்டு வாரேன், ரெண்டு ஹெல்மெட்டும் கொண்டாரேன். பின்னால உக்காந்துக்கிட்டு இடுப்பைப் பிடிச்சா மட்டும் போதும், பேச வேண்டாம், வாடை எனக்கு ஆகாது. சைக்கிளை மறுநாக் காலைல நீரே நடந்து போயி எடுத்துக்கிடும்.

பெட்ரோலுக்கு 50 ரூவா. இப்பவே எடும். ராத்திரி கேட்டா உம்ம பையில ஒண்ணும் மிஞ்சியிருக்காது, எனக்குத் தெரியும்லா.